வானத்திற்கு எதற்கு விளக்கு?

ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் முன்னிரவு வேளையில் ஜெலாப்பாங்கில் அண்ணாந்து பார்த்தால், ஒரே வரிசையில் மூன்று விண்மீன்கள் தெரியும். அவற்றுக்கு வடக்கே செந்நிறமாக மின்னுவது திருவாதிரை. தெற்கே மங்கலாகத் தெரிவது ஓரியன் நெபுலா; அது புதிய விண்மீன்கள் பிறக்கும் வாயு, தூசு மேகம். அதன் ஒளி நம்மை வந்தடைய ஏறத்தாழ 1,300 ஆண்டுகள் ஆகின்றன.

1880ஆம் ஆண்டில் ஹென்றி டிரேப்பர் என்ற அமெரிக்கர் 51 நிமிடம் ஒளியைப் பதியவிட்டு இந்நெபுலாவை முதன்முதலில் படமெடுத்தார். இன்று சாதாரண கேமராவில் எடுத்த நூற்றுக்கணக்கான படங்களைக் கணினியில் ஒன்றாக அடுக்கியே அதனைத் தெளிவாகக் காட்டலாம். ஆகவே, நகர வெளிச்சத்தைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை எனச் சிலர் கூறுகின்றனர்.

இக்கருத்தை என்னால் ஏற்க இயலவில்லை. ஓரியன் நெபுலா பிரகாசமானது, அதனால் தப்பிக்கிறது. ஆனால், கேட்டை விண்மீனைச் சூழ்ந்துள்ள தூசு மேகங்கள் பெரும்பாலும் அருகிலுள்ள விண்மீன்களின் ஒளியையே பிரதிபலிக்கின்றன. அம்மெல்லிய ஒளி, ஈப்போ நகர விளக்குகளால் வெளுத்த வானத்தில் மூழ்கிவிடுகிறது. கணினி அவ்வெளுப்பைக் கழித்தாலும், அது விட்டுச்செல்லும் புள்ளிக் குறைகள் படத்தில் மிஞ்சும். மேலும், கேமரா இல்லாத மாணவனுக்கு வெறுங்கண்ணே கருவி. அவனுக்கு எந்தக் கணினி உதவும்?

நெடுஞ்சாலைக்கும் தொழிற்சாலைக்கும் விளக்கு தேவை என்பது மறுக்க முடியாத உண்மை. ஆயினும், மேல்நோக்கிச் செல்லும் ஒளி எந்தப் பாதசாரிக்கும் வழிகாட்டுவதில்லை. மின்கட்டணத்தை மட்டுமே கூட்டுகிறது. விளக்குகளுக்கு மூடி இட்டு ஒளியைத் தரைக்குத் திருப்பலாம். கடை அடைத்தபின் விளம்பர விளக்குகளை அணைக்கலாம்.

இது நடக்கக்கூடியதே. இந்தியாவின் லடாக் பகுதியில் உள்ள ஹன்லே வட்டாரம் 2022இல் இருள்வானக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. அங்குள்ள கிராம மக்கள் விளக்கொளியைக் கட்டுப்படுத்துகின்றனர். வானத்தைக் காண வரும் பயணிகளால் வருமானமும் பெறுகின்றனர். தொழிற்பேட்டை நிறைந்த ஜெலாப்பாங் ஹன்லேயாக மாற முடியாதுதான். எனினும், அங்குள்ள கட்டுப்பாட்டில் ஒரு பங்கையாவது நாம் பின்பற்றலாம்.

மாணவர்களே, உங்கள் குடியிருப்பில் வானை நோக்கி எரியும் விளக்குகளைக் கணக்கெடுங்கள். அப்பட்டியலுடன் மாநகர் மன்றத்திற்குக் கடிதம் எழுதுங்கள். நமக்கு ஒளி வேண்டும். ஆனால், அது தரையில் விழ வேண்டும் என்பதே என் கருத்து.