நாலு மணி நேர சிங்கப்பூர், ஏழு மணி நேர சென்னை

தர்மபுரி பஸ் ஸ்டாண்டில் ஒரு பெரியவர். மகன் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறானாம். ‘சென்னையிலேர்ந்து நாலே மணி நேரம்தாங்க பிளேன்ல’ என்றார் பெருமையாக. ‘இங்கேயிருந்து சென்னைக்கு?’ என்றேன். ‘அது ஆவுதுங்க, ஆறு ஏழு மணி நேரம்’ என்றார். பெருமை போன இடம் தெரியவில்லை.

காமர்ஸ் படித்தவனுக்குக் கணக்குப் போடாமல் இருக்க முடியாது. சென்னை - சிங்கப்பூர் வான்வழியில் சுமார் 2,900 கிலோமீட்டர். தர்மபுரி - சென்னை சாலை வழியே 300. பத்தில் ஒரு பங்கு தூரம். நேரம் மட்டும் ஒன்றரை மடங்கு! விமானக் கம்பெனிகள் சொல்லும் நேரம் ஏர்போர்ட் டு ஏர்போர்ட். வீட்டு வாசலிலிருந்து அளக்க அவர்களுக்கு என்ன தலையெழுத்தா? ஆனால் அரசாங்கமும் அதே கணக்கைப் பேசினால் எப்படி?

உடான் திட்டம் வந்தபோது செருப்புப் போட்ட சாமானியனும் பறப்பான் என்றார்கள். சேலத்துக்கு 2018-ல் விமானம் வந்தது. 2021-ல் நின்றது. 2023 அக்டோபரில்தான் மறுபடி வந்தது. தொப்பூர் கணவாயில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கிப் போனால், விமானம் இருக்கிற வருஷமா இல்லாத வருஷமா என்று முதலில் விசாரிக்க வேண்டும்.

அடுத்தது ஓசூர். 2,000 ஏக்கரில், வருஷத்துக்கு 3 கோடி பயணிகளைக் கையாளும் பன்னாட்டு விமான நிலையம் என்று 2024 ஜூனில் சட்டமன்றத்தில் அறிவித்தார் அன்றைய முதல்வர் ஸ்டாலின். கேட்க இனிக்கிறது. ஆனால் பெங்களூரு விமான நிலைய ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து இருக்கிறது: 2033 வரை 150 கிலோமீட்டர் சுற்றளவில் புதிய விமான நிலையம் கூடாது. விதிவிலக்கு மைசூருக்கும் ஹாசனுக்கும் மட்டும். இரண்டும் கர்நாடகம்! பணம் போட்டவனுக்குப் பாதுகாப்பு வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். அதற்காக, வான்வழியில் சுமார் 130 கிலோமீட்டரில் இருக்கும் தர்மபுரியும் சேர்ந்து அந்த வட்டத்துக்குள் சிறையிருக்க வேண்டுமா? எங்களை யாராவது கேட்டார்களா?

சரி, ஆகாயத்தை விடுங்கள். மொரப்பூருக்கு வருவோம். சென்னை ரயில் பிடிக்க தர்மபுரிக்காரன் போகிற இடம் அது. 1906-லேயே மொரப்பூரிலிருந்து தர்மபுரிக்குக் குறுகிய ரயில் பாதை இருந்தது. பஞ்சத்துக்குப் பரிகாரமாக வெள்ளைக்காரன் போட்டது. 1913-ல் ஓசூர் வரை நீண்டது. 1941-ல், யுத்த காலத்தில், மூடிவிட்டார்கள். யுத்தம் 1945-ல் முடிந்துவிட்டது, சார்! எடுத்த பாதையைத் திருப்பித் தர 2019-ல்தான் அடிக்கல் நாட்டினார்கள். அதுவும் தேர்தலுக்குக் கொஞ்ச நாள் முன்பு. மொத்தமே 36 கிலோமீட்டர். அதற்கப்புறம் வருஷக்கணக்கில் நில எடுப்புப் பேச்சுதான்.

இதே மாவட்டத்தில் பென்னாகரம் பக்கத்துக் கோட்டூர் மலைக்கு, 2021 சட்டமன்றத் தேர்தலில், வாக்குப்பதிவு இயந்திரத்தைக் கழுதை மேல்தான் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஓட்டு வாங்க வழி கண்டுபிடித்துவிட்டார்கள். மலையில் ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி வந்தால் எத்தனை மணி நேரம் என்று எந்த அட்டவணையிலும் போடவில்லை.

ஓசூரில் ஓடுதளம் போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்கு முன்னால் அந்த 36 கிலோமீட்டருக்குத் தண்டவாளம் எந்தத் தேதியில் முடியும் என்று சொல்லுங்கள். வருஷம் போதாது. தேதி வேண்டும்.