டேவிட் ஜோன்ஸுக்கு ஏன் தமிழ் வரவில்லை?

'புராஜெக்ட் ஐ.ஜி.ஐ.' பற்றி நம்மாட்கள் எழுதுவதெல்லாம் ஒரே ஏக்கப் புராணம். பிரௌசிங் சென்டர், மணிக்கணக்குக் காசு, பழைய நண்பர்கள். போதும்பா. அந்த விளையாட்டு நமக்குப் பாதிதான் கிடைத்தது என்பதை யாராவது சொல்ல வேண்டாமா?

நார்வேயின் இன்னர்லூப் ஸ்டுடியோஸ் உருவாக்கி, ஈடோஸ் 2000 டிசம்பரில் வெளியிட்டது. மொத்தம் 14 மிஷன்கள். நடுவில் சேவ் பண்ண முடியாது. செத்தால் அந்த மிஷனை முதலிலிருந்து தொடங்கணும். அதனால் சுடுவதைவிட வேவு பார்ப்பதுதான் முக்கியம். பைனாகுலரில் காவலர்களை எண்ணணும், செயற்கைக்கோள் வரைபடத்தில் வழி பிடிக்கணும். வில்லியனூர், பாகூர் பக்கம் எங்கள் செட்டு இதையெல்லாம் யாரும் சொல்லித்தராமலே கற்றுக்கொண்டது. அதில் எனக்குப் பெருமைதான்.

ஆனால் கதை? மிஷனுக்கு முன்பு வரும் விளக்கம் முழுக்க ஆங்கிலம். ரேடியோவில் அன்யா பேசியது தமிழ்வழியில் படித்த பையனுக்கு வெறும் சத்தம். திருடுபோன அணுகுண்டைத் தேடிப் போகிறோம், பிரிபாய் ஓர் ஆயுத வியாபாரி என்பதெல்லாம் எத்தனை பேருக்குத் தெரியும்? உளவாளிக்குத் தகவல்தான் உயிர். அது இல்லாதவன் வெறும் துப்பாக்கிக்காரன். அவனைத்தான் நமக்குக் கொடுத்தார்கள்.

"பசங்களுக்குக் கதை எதுக்கு, சுட்டாப் போதாதா?" என்பார்கள். 1972இல் முத்து காமிக்ஸ் இரும்புக்கை மாயாவியைக் கொண்டுவந்தது. பிரிட்டிஷ் படக்கதை நாயகன், பிற்பாடு உளவு வேலையும் பார்த்தவன். படமே போதும் என்று பலூன்களை ஆங்கிலத்திலேயே விட்டிருந்தால் மாயாவி நம்ம ஊர்க்காரன் ஆகியிருப்பானா?

அடுத்து, "திருட்டு சிடியில் ஆடினவனுக்கு எந்தக் கம்பெனி மொழிபெயர்க்கும்?" என்பார்கள். கம்பெனி செய்யாது, சரி. ஜப்பானில் 2006இல் வந்த 'மதர் 3' ஆங்கிலத்தில் வரவே இல்லை. ரசிகர்களே உட்கார்ந்து மொழிபெயர்த்து 2008இல் இலவசமாக வெளியிட்டார்கள். நம்மிடம் ரஷ்ய நாவலையும் லத்தீன் அமெரிக்கக் கதையையும் தமிழாக்க ஆள் இருக்கிறது. விளையாட்டு என்றதும் மட்டும் 'அது சின்னப்பசங்க சமாச்சாரம்' என்று முகம் திரும்பிவிடுகிறது. அந்தச் சின்னப்பசங்கதான் இன்று உங்கள் வாசகர்கள்.

கையில் இருப்பது 14 மிஷன்களின் விளக்கமும் கொஞ்சம் ரேடியோ பேச்சும். ஒரு சிறுகதைத் தொகுப்பைவிடச் சின்ன வேலை. ஏக்கக் கட்டுரை எழுதும் நேரத்தில் இதை ஆரம்பிங்க. நானும் வரேன்.