விருதுநகர் மாணவரும் ரூட்டு தலயும்

1967 சட்டமன்றத் தேர்தலில் விருதுநகரில் காமராஜரைத் தோற்கடித்தவர் பெ. சீனிவாசன். இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் உருவான மாணவர் தலைவர். வித்தியாசம் 1,285 வாக்குகள். ‘இளைஞர்கள் அரசியலுக்கு வர வேண்டும்’ என்று மேடையில் பேசுகிறவர்கள் எல்லோருக்கும் இந்தக் கதை மனப்பாடம். சின்னப் பையன் பெரிய தலைவரைச் சாய்த்துவிட்டான் என்பதோடு கைதட்டு வாங்கி இறங்கிவிடுவார்கள்.

எனக்கு அதே காமராஜரின் இன்னொரு கதைதான் பிடிக்கும். 1936-ல் தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டித் தலைவராக சத்தியமூர்த்தி வந்தார். செயலாளராகக் காமராஜரை வைத்துக்கொண்டார். சத்தியமூர்த்தி வக்கீல், பேச்சில் புலி, டெல்லி சட்டசபையையே கலக்கியவர். காமராஜரோ பள்ளிப் படிப்பை முடிக்காதவர், முப்பதைச் சற்றே தாண்டியவர். நான்கு ஆண்டுகள் கழித்து, 1940-ல், தலைவர் பதவிக்கே காமராஜர் போட்டியிட்டு வென்றார். அப்போது அவருக்குச் செயலாளராக இருக்க ஒப்புக்கொண்டவர் யார் தெரியுமா? அதே சத்தியமூர்த்தி. தன்னைவிடப் பதினாறு வயது இளையவருக்கு, தான் கைபிடித்து அழைத்து வந்தவருக்குக் கீழே போய் உட்கார்ந்தார். இன்று எந்தக் கட்சியிலாவது ஒரு ஒன்றியச் செயலாளர் இப்படிச் செய்வாரா என்று யோசித்துப் பாருங்கள். மாவட்டம் இரண்டாகப் பிரிந்துவிடும்.

அப்படி இடம் பெற்ற காமராஜருக்கு இடம் விடவும் தெரிந்திருந்தது. 1941-ல் அவர் சிறையில் இருந்தபோதே விருதுநகர் நகராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். விடுதலையாகி வந்தவர், முழுதாகக் கவனிக்க முடியாத பதவி தனக்கு எதற்கு என்று உடனே ராஜினாமா செய்தார். 1963 அக்டோபரில் முதலமைச்சர் நாற்காலியையும் கட்சி வேலைக்காக விட்டார். விருதுநகரில் தோற்ற பிறகும் சோர்ந்து உட்கார்ந்துவிடவில்லை. 1969-ல் நாகர்கோவில் இடைத்தேர்தலில் நின்று மக்களவைக்குப் போனார்.

கொள்கைப் பிடிப்பு வயதைப் பார்த்து வருவதில்லை. 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் லத்தியடி பட்ட மாணவர்களில் பலர் பின்னாளில் சட்டமன்றம் போனார்கள், அமைச்சரானார்கள். அவர்களில் நல்லவரும் உண்டு, நாற்காலி கிடைத்ததும் எல்லாம் மறந்தவரும் உண்டு. ஆகவே ‘இளைஞர்கள் வந்தால் நாடு உருப்படும்’ என்று யாராவது ஆரம்பித்தால் நான் மெல்ல நழுவிவிடுவேன். தோற்றுப் பழக, எதிர்க்கேள்விக்குப் பதில் சொல்லிப் பழக, பொதுப்பணத்துக்குக் கணக்குக் கொடுத்துப் பழக இளைஞருக்கு என்ன இடம் வைத்திருக்கிறோம்? என் கேள்வி அதுதான்.

அரசியலமைப்புச் சட்டம் உள்ளாட்சிக்கு 21 வயது போதும் என்கிறது, சட்டமன்றத்துக்கு 25. கீழ்ப்படியில் நான்கு வருடம் பழகிவிட்டு மேலே வா என்று சொல்வதுபோல் இருக்கிறது. நாம் அந்தக் கீழ்ப்படியை என்ன செய்தோம்? 2016 அக்டோபரில் உள்ளாட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் முடிந்தது. நகரங்களுக்கு அடுத்த தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரியில். இடையில் ஐந்து வருடத்துக்கும் மேலாகத் தனி அலுவலர் ஆட்சி. வார்டில் தண்ணீர் வராவிட்டால் திட்டக்கூட ஒரு கவுன்சிலர் இல்லை. 2016-ல் வார்டு மெம்பராக நிற்கத் தயாரான 21 வயதுப் பெண்ணுக்கு, தேர்தல் வந்தபோது 26. அதற்குள் அவருக்குக் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போயிருக்கலாம், அல்லது வெறுத்துப்போயிருக்கலாம்.

கல்லூரிக்குள் நிலைமை இன்னும் மோசம். பெரும்பாலான கல்லூரிகளில் மாணவர் பேரவைத் தேர்தலே கிடையாது. பேரவை இருக்கும் இடங்களிலும் நல்ல மார்க் வாங்கும், எதிர்த்துப் பேசாத பிள்ளையைத் துறைத்தலைவர் கைகாட்டிவிடுவார்; ஆண்டுவிழாவில் பூங்கொத்து கொடுப்பதோடு அவர் கடமை தீர்ந்தது. இத்தனைக்கும் விதிமுறை இல்லாமலில்லை. முன்னாள் தலைமைத் தேர்தல் ஆணையர் ஜே.எம். லிங்டோ குழுவின் பரிந்துரைகளை 2006-லேயே உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. வேட்பாளர் 5,000 ரூபாய்க்கு மேல் செலவழிக்கக் கூடாது. அச்சடித்த சுவரொட்டி கூடாது, கையால் எழுதியதுதான் ஒட்ட வேண்டும். முடிவு வந்த இரண்டு வாரத்துக்குள் தணிக்கை செய்த கணக்கைக் கல்லூரியிடம் கொடுக்க வேண்டும். பத்தொன்பது வயதில் 5,000 ரூபாய்க்குக் கணக்கெழுதி நீட்டிப் பழகிய கை, பிறகு சட்டமன்றத் தேர்தலின் 40 லட்சம் வரம்பைக் கொஞ்சமாவது கூச்சத்தோடு தாண்டும் என்று நம்புகிறேன்.

எல்லை தாண்டிப் பார்த்தால் கேரளத்தில் கல்லூரித் தேர்தல்கள் நடந்துகொண்டுதான் இருக்கின்றன. 2020 டிசம்பரில் திருவனந்தபுரம் மேயரானபோது ஆர்யா ராஜேந்திரனுக்கு வயது 21, பி.எஸ்சி. கணிதம் படித்துக்கொண்டிருந்தார். சிறுவர் அமைப்பில் தொடங்கி மாணவர் சங்கம் வழியாக வந்தவர். பதவியில் அவர் வாங்கிய திட்டு கொஞ்சமல்ல, சிலது நியாயமானதும்கூட. ஆனால் அவர் யாருடைய மகள், எந்தப் படத்தில் நடித்தார் என்ற கேள்விகளுக்கு அங்கே வேலை இருக்கவில்லை. நம் ஊரில் திடீரென்று ஓர் இளம் முகம் மேடையேறினால் முதலில் கேட்கிற கேள்விகளே அவைதான்.

‘கல்லூரியில் தேர்தல் வைத்தால் வெட்டுக்குத்து நடக்கும்’ என்பார்கள். பெற்றோரின் பயம் எனக்குப் புரிகிறது, கேரளத்து வளாகங்களில் ரத்தம் சிந்தியதும் தெரியும். ஆனால் தேர்தலை நிறுத்தியதால் சென்னையில் வெட்டுக்குத்து நின்றுவிட்டதா? ‘ரூட்டு தல’ என்று ஒரு பதவி இருக்கிறது. ஒவ்வொரு பேருந்துத் தடத்துக்கும் மாணவர்களில் ஒருவர். கூரைமேல் ஏறிப் பாட்டு, ‘பஸ் டே’ கொண்டாட்டம், அடுத்த கல்லூரிக்காரனோடு தகராறு. 2019-ல் பட்டப்பகலில் பட்டாக்கத்தியோடு மாணவர்கள் ஒருவரை ஒருவர் துரத்தியதைச் சென்னையே பார்த்தது. காவல்துறை தலகளை அழைத்து உறுதிமொழி வாங்கியது.

அந்தப் பையன்களைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். நாற்பது பேரைக் கூட்டத் தெரியும். கிராமத்திலிருந்து வந்து மிரண்டு நிற்கிற முதலாண்டு மாணவனைச் சேர்த்துக்கொள்ளத் தெரியும். நடத்துனரோடு சண்டையும் போடுவார்கள், சமாதானமும் பேசுவார்கள். பெரும்பாலும் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள். ஆனால் ‘தல’யை யாரும் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கவில்லை, அடுத்த ஆண்டு ஓட்டுப் போட்டு இறக்கவும் முடியாது. பஸ் டே மாலைக்கும் மேளத்துக்கும் வசூலித்த காசுக்கு அவரிடம் கணக்குக் கேட்பவரும் யாருமில்லை.