ஆராயப்பட்டது போதும், இனி அவர்களை ஆராய்வோம்

1873இல் புதுச்சேரி நீதிமன்றத்துக்குள் பொன்னுத்தம்பி பிள்ளை என்ற வழக்கறிஞர் ஐரோப்பியரைப்போல பூட்சு மாட்டிக்கொண்டு போனார். இந்தியனுக்கு அந்த உரிமை இல்லை என்று தடுத்தார்கள். அவர் விடவில்லை. பாரிசில் இருந்த உயர் நீதிமன்றம் வரைக்கும் போய் ஜெயித்தார். பிறகு 1881 செப்டம்பர் 21ஆம் தேதி ஓர் ஆணை வந்தது. சாதி, மத வழக்கச் சட்டத்தைத் துறந்துவிட்டுப் பிரெஞ்சு சிவில் சட்டத்துக்குள் வரலாம், புதிதாகக் குடும்பப் பெயரும் வைத்துக்கொள்ளலாம் என்றது. பொன்னுத்தம்பி 'லாபோர்த்' ஆனார். லாபோர்த் என்றால் கதவு. அப்படித் துறந்தவர்களைத்தான் 'ரெனோன்சான்' என்கிறார்கள். அவர்களில் நம்மாட்கள் ஏராளம். சாதி ஒட்டாத ஒரு பெயர் கிடைக்கிறதென்றால் சேரிக்காரன் சும்மா இருப்பானா? சண்முக வேலாயுத முதலியார் தலைமையில் சாதி இந்துக்கள் இதை எதிர்த்து நின்றதும் நாம் எதிர்பார்க்கக்கூடியதுதான்.

ழாக் வெபர் போன்றவர்கள் இந்த வரலாற்றைப் பிரெஞ்சில் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். வாக்காளர் பட்டியல், கட்சி, தேர்தல் எல்லாம் அதில் இருக்கிறது. எனக்கு ஒரே கேள்வி: அந்த பூட்சின் தோலைப் பதப்படுத்தியவன் யார்?

நான் ஆம்பூர்ப் பக்கத்துக்காரன், அதனால்தான் கேட்கிறேன். எங்களுக்குச் செருப்பு என்றால் முதலில் ஞாபகத்துக்கு வருவது கால் இல்லை, குழி. உப்புத்தோலை ஊறவைப்பது, சுண்ணாம்பில் போடுவது, முடியும் சதையும் எடுப்பது. இந்த ஈரவேலை முழுக்கச் சேரியின் தலையில்.

இந்தச் செருப்பை வைத்துக்கொண்டு பிரெஞ்சு மானுடவியலின் பெரிய பெயர் ஒன்றோடு சண்டை போட வேண்டியிருக்கிறது. லூயி துய்மோன் தமிழ்நாட்டில் களஆய்வு செய்து 1957இல் பிரமலைக் கள்ளர்களைப் பற்றிப் புத்தகம் எழுதினார். 1966இல் 'ஹோமோ ஹையரார்க்கிகஸ்' வந்தது. சாதியின் அடிப்படை தூய்மை - தீட்டு என்ற எதிர்வுதான், அதிகாரமும் பணமும் அதற்கு அடங்கியவை என்பது அவர் வாதம். உலகம் பூராவும் இதைப் பாடமாக வைத்தார்கள். நம்ம ஊர்ப் பல்கலைக்கழகங்களிலும் வைத்தார்கள், அதுதான் வேடிக்கை. பார்ப்பான் தன்னைப்பற்றிச் சொல்லிக்கொள்வதை ஒரு வெள்ளைக்காரர் தத்துவமாக்கித் தர, அதை நம் பிள்ளைகள் மனப்பாடம் பண்ணி மார்க் வாங்க வேண்டும்.

துய்மோனின் வாதத்தை எங்கள் குழியில் இறக்கிப் பார்ப்போம். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டில் தோல் முதலாளிகளில் பெரும்பகுதி முஸ்லிம்கள். அவர்கள் மார்க்கத்தில் தோல் தீட்டு என்ற சாஸ்திரம் கிடையாது. துய்மோன் சொல்வது சரியென்றால் அங்கே வேலைப் பிரிவினை வேறு மாதிரி இருந்திருக்க வேண்டும். அப்படி இல்லையே! தீட்டு நம்பாத முதலாளியிடமும் குழியில் இறங்குகிறவன் சேரிக்காரன்தான். ஏன்? நிலம் இல்லை. வேறு வேலை கொடுக்க ஊரான் தயாரில்லை. முன்பணம் வாங்கியாயிற்று. சாஸ்திரம் போனாலும் சாதி நிற்கிறது என்றால் அது நிற்கிற கால் வேறு. அதே தோல் குழியில் கிடந்தால் நாற்றம், கப்பலேறினால் அந்நியச் செலாவணி. எந்த இடத்தில் தீட்டுக் கழிந்தது என்று துய்மோனின் சீடர்கள்தான் சொல்ல வேண்டும்.

பிரெஞ்சு எழுதுகிறவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி என்று நான் சொல்லவில்லை. பெல்ஜியத்துக்காரர் ரொபேர் தெலியேஜ் ராமநாதபுரம் பக்கம் ஒரு பறையர் ஊரில் தங்கி 1988இல் புத்தகம் போட்டார். தீண்டப்படாதவர் தங்கள் தாழ்வைத் தாங்களே ஒப்புக்கொள்கிறார்கள் என்ற கதையை மறுத்தவர் அவர். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தோடு சேர்ந்து வேலை செய்த இசபெல் கெரென், முன்பணத்தில் சிக்கிய தொழிலாளரைப் பற்றித் தொடர்ந்து எழுதியிருக்கிறார். இவை நமக்குத் தேவையான வேலைகள். ஆனால் எந்த மொழியில் கிடக்கின்றன?

வீரம்மாவை எடுத்துக்கொள்ளுங்கள். புதுச்சேரிப் பக்கத்துக் கூலிக்காரி. பத்து வருஷத்துக்கு மேல் ஜோசியான் ராசினிடம் தன் கதையைத் தமிழில் சொன்னாள். அச்சானது முதலில் பிரெஞ்சில், 1995இல். அடுத்து 1997இல் ஆங்கிலத்தில். நம்ம அக்கா பேசிய பேச்சைப் பாரிசில் இருக்கிறவன் முதலில் படித்தான்.

பாலாற்றுக்கும் ஆள் வந்தது. பிரான்ஸின் தேசிய ஆராய்ச்சி மையத்தைச் சேர்ந்த லொரேன் கென்னடி 1999இல் எங்கள் தோல் தொழிலைப் பற்றி எழுதினார். வழக்கும் நெருக்கடியும் வந்தபோது தோல் முதலாளிகள் எப்படி ஒன்றுசேர்ந்து பொதுச் சுத்திகரிப்பு நிலையம் கட்டினார்கள் என்பது கேள்வி. நல்ல கேள்விதான், ஆனால் அது முதலாளியைப் பற்றிய கேள்வி. 1996 ஆகஸ்ட் 28இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது, இந்தப் பகுதியில் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுதாகவோ கெட்டுப்போனது என்று பதிவானது. நிலம் கெட்டவனுக்கு நஷ்டஈடு என்று பேச்சு வந்தது. நிலமே இல்லாமல் அந்தத் தண்ணீரில் நின்றவனுக்கு? 2015 ஜனவரியில் ராணிப்பேட்டையில் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்து 10 தொழிலாளர்கள் தூக்கத்திலேயே செத்தார்கள். பெரும்பாலும் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். முதலாளிகளின் ஒத்துழைப்பைப் பற்றிப் படிக்கும்போது அந்தச் சுவரையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

என் அம்மா இருபது வருஷத்துக்கு மேல் தோல் ஷாப்பில் வேலை செய்தவள். விரலிடுக்கெல்லாம் புண். எங்கள் தெருவுக்கு ஆராய்ச்சி என்று வந்தவர்கள் அவளை உட்காரவைத்து மணிக்கணக்கில் கேட்டிருக்கிறார்கள். ஒரு தடவை சலித்துப்போய்ச் சொன்னாள்: "இவங்க வந்து வந்து கேட்டுக்கினு போறாங்களே, எய்தினத ஒரு தபா நமக்குப் படிச்சுக் காட்டினாங்களாடா?" இந்த ஒரு கேள்விக்கு எந்த ஆய்வு முறையியல் புத்தகத்திலும் பதில் இல்லை.

புதுச்சேரியில் 1955இல் பிரெஞ்சு நிறுவனம் திறந்தார்கள். ழான் ஃபிலியோசா காலத்திலிருந்து அங்கே சைவ ஆகமச் சுவடிகளைத் தேடித்தேடிச் சேர்த்தார்கள். புதுச்சேரியில் உள்ள இப்படிப்பட்ட சுமார் 11,000 சுவடிகளை 2005இல் யுனெஸ்கோ உலக நினைவகப் பட்டியலில் ஏற்றியது. சுவடியைக் காப்பாற்றியது தப்பு என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் எல்லாச் சாதியினரும் அர்ச்சகராகும் வழக்கில் 2015இல் உச்ச நீதிமன்றம் ஆகமத்தைத்தான் அளவுகோலாக வைத்துப் பேசியது என்பதை மறக்காதீர்கள். நம்மைக் கருவறைக்கு வெளியே நிறுத்துகிற எழுத்துக்கு இவ்வளவு பாதுகாப்பு. குழிக்கரையில் நம் பெண்கள் பாடிய பாட்டுக்கு எந்த அலமாரி?

நம் பக்கத்துக் கணக்கையும் பார்த்துவிடலாம். தொண்ணூறுகளில் நம் சிறுபத்திரிகைகளில் ஃபூக்கோ, தெரிதா, பார்த் என்று பிரெஞ்சுப் பெயர்கள் மழையாகப் பொழிந்தன. விளிம்புநிலை, சொல்லாடல், கட்டுடைப்பு என்று நாமும் நிறையப் பேசினோம். அது வீண் என்று சொல்ல மாட்டேன், தலித் எழுத்துக்கு அதனால் தைரியமும் வந்தது. ஆனால் அத்தனையும் ஆங்கிலம் வழியாக வந்த பிரெஞ்சு. ஃபூக்கோவைத் தேடிப்போனவர்கள், அதே மொழியில் நம் சேரியைப்பற்றி என்ன எழுதிவைத்திருக்கிறார்கள் என்று தேடிப்போகவில்லை. இன்றைக்குத் தனியார் பள்ளிக்கூடத்தில் தமிழுக்குப் பதில் பிரெஞ்சு எடுத்து நூற்றுக்கு நூறு வாங்குகிறார்கள் ஊர்ப் பிள்ளைகள். ஆதிதிராவிடர் நலப் பள்ளியில் பிரெஞ்சு வாத்தியாருக்கு எங்கே போவது?

அதனால் சொல்கிறேன், பிரெஞ்சு நமக்கு வேண்டும். மார்க்குக்கு இல்லை, வேவு பார்க்க. அவர்கள் நிறுவனங்கள் யார் காசில் நடக்கின்றன, ஊருக்குள் கூட்டிப்போன உதவியாளன் என்ன சாதி, எந்தத் தெரு வரைக்கும் கூட்டிப்போனான், எங்கே தண்ணி குடித்தான் என்றெல்லாம் நாம் கேள்வித்தாள் தயாரித்துக்கொண்டு போக வேண்டும். அவர்கள் கேட்ட கேள்விகளைவிட இவை ஒன்றும் மரியாதைக் குறைச்சலானவை இல்லை.

இன்னொரு அவசர வேலையும் உண்டு. 2017 மார்ச் 27இல் பிரான்ஸ் ஒரு சட்டம் போட்டது. பெரிய கம்பெனிகள் தங்களுக்குச் சரக்கு செய்துதரும் இடங்களில் மனித உரிமையும் சுற்றுச்சூழலும் கெடாமல் பார்த்துக்கொள்ள வருஷாவருஷம் திட்டம் எழுதி வெளியிட வேண்டும். நம் பாலாற்றுத் தோலும் ஷூவும் ஐரோப்பாவுக்குத்தான் நிறையப் போகின்றன. திட்டத்தை அவர்கள் பிரெஞ்சில் எழுதுகிறார்கள், அங்கேயே படித்துக்கொள்கிறார்கள். 2025 ஜனவரியிலும் உச்ச நீதிமன்றம் இந்தத் தோல் பகுதிக்காக மறுபடி உத்தரவு போட வேண்டியிருந்தது என்றால், அந்தத் தாள்களின் லட்சணத்தை யோசித்துப் பாருங்கள். ஆராய்ச்சிப் பட்டத்துக்குத் தலைப்பு தேடிக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளே, அந்தத் திட்டங்களை எடுங்கள். ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்ற பெயர்கள் எத்தனை இடத்தில் வருகின்றன, வராத இடத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று தமிழில் எழுதி அனுப்புங்கள். எங்கள் தெருவில் உரக்கப் படிக்கிறேன்.