புகைக்குக் குற்றவாளி யார்?

மேட்டுப்பாளையத்தை விட்டுப் பர்லியாறு வழியாகக் குன்னூருக்கு ஏறும்போது, முன்னால் போகும் பழைய டீசல் வண்டி ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் கரும்புகை மூட்டமொன்றை விட்டுச் செல்வதை அந்தச் சாலையில் பயணித்தவர்கள் பார்த்திருப்பார்கள். சில ஆண்டுகளுக்கு முன் அப்படிப் புகைவிட்ட வண்டி எங்களுடையதாக இருந்தது. நண்பர்கள் சிலர் சேர்ந்து வைத்திருந்த பழைய ஜீப் அது. புத்தகக் கட்டுகளையும் எங்களையும் கூட்டங்களுக்குச் சுமந்து செல்வதே அதன் முக்கியப் பணி. "இன்ஜெக்டர் அடைத்திருக்கும். கழற்றிக் கழுவிவிடுங்கள், வீட்டிலேயே செய்யலாம்" என்று கேட்ட இடமெல்லாம் சொன்னார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவ்வாறே செய்தோம். நாசிலின் நுனியில் படிந்திருந்த கரியைத் தையல் ஊசியால் குத்தி எடுத்தோம். மாலையில் வண்டி முன்னைவிட அதிகமாகப் புகைந்தது. போதாதற்கு ஒரு சிலிண்டர் தட்டவும் தொடங்கியது. தவறு முழுக்க எங்களுடையது. அந்தத் தவற்றிலிருந்து நாங்கள் வந்தடைந்த கருத்தை இங்கே முன்வைக்க விரும்புகிறோம்.

இன்ஜெக்டர் செய்யும் வேலை, சொல்வதற்கு எளிது. அழுத்தத்தால் கொதித்துக்கொண்டிருக்கும் காற்றுக்குள், சரியான கணத்தில், சரியான அளவு டீசலை மிக நுண்ணிய தூறலாகத் தெளிப்பது. செய்வதற்கோ கடினம். 1897இல் ருடால்ஃப் டீசல் தம் எஞ்சினை வெற்றிகரமாக இயக்கிக் காட்டியபோது, எரிபொருளை உள்ளே தள்ள அழுத்தப்பட்ட காற்றின் உதவி தேவைப்பட்டது. அதற்கென்றே ஒரு கனத்த கம்ப்ரசர் வேண்டியிருந்தது. எரிபொருளை மட்டுமே அழுத்தித் தெளிக்கும் பம்புகளை போஷ் நிறுவனம் 1927இல் பெருமளவில் உற்பத்தி செய்யத் தொடங்கிய பின்னரே டீசல் எஞ்சின் சாலை வாகனங்களில் பரவலாக ஏறியது. 1951இல் பெங்களூரில் தொடங்கப்பட்ட மைக்கோ நிறுவனம் வழியாக அந்தத் தொழில்நுட்பம் நம்மிடம் வந்தது. 2008இல் அதன் பெயர் போஷ் என்று மாறிவிட்டது. ஆயினும் மூத்த மெக்கானிக்குகளின் வாயில் அது இன்னும் மைக்கோதான்.

நாசிலின் துளை ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவிலிருந்து சில பங்குகள் வரைதான் இருக்கும். உள்ளே ஏறியிறங்கும் ஊசிக்கும் அதன் கூட்டுக்கும் இடையே உள்ள இடைவெளி சில மைக்ரான்கள். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. தையல் ஊசியோடு நாங்கள் உள்ளே போனது இப்படிப்பட்ட இடத்துக்கு. கரியை எடுத்தோமா என்பது ஐயம். துளையின் வடிவைக் கெடுத்தோம் என்பதில் ஐயமில்லை. துளை கெட்டால் தூறல் தாரையாகிவிடும். தாரையாக விழும் டீசல் முழுமையாக எரிவதில்லை, கரியாகிப் புகைக்குழாய் வழியே வெளியேறுகிறது.

எங்கள் முதல் தவறு ஊசி அன்று, அவசரத் தீர்ப்பு. மலையில் வண்டி புகைந்தால் இன்ஜெக்டர்தான் குற்றவாளி என்று முடிவுகட்டிவிடுகிறோம். மலையை விசாரிப்பதே இல்லை. மலை ரயிலின் மேட்டுப்பாளையம் நிலையம் கடல்மட்டத்திலிருந்து 326 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. உதகை நிலையம் 2,203 மீட்டரில். மேலே காற்றின் அழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதைவிட ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடுகிறது. டர்போ இல்லாத பழைய எஞ்சினுக்கு இந்தக் கணக்குத் தெரியாது. சமவெளியில் தெளித்த அதே அளவு டீசலை அது மேலேயும் தெளிக்கிறது. எரிக்கப் போதிய காற்று இல்லை, எனவே கரும்புகை. அதனுடன் தேயிலைத் தோட்டத்து மண்சாலைப் புழுதியால் அடைத்த ஏர் ஃபில்டரும் சேர்ந்துகொண்டால் கேட்கவே வேண்டாம். மார்கழி, தை மாதங்களில் உறைபனி விழும் அதிகாலையில் வெண்புகை கக்கிக்கொண்டு கிளம்ப மறுக்கும் வண்டியில், முதலில் பார்க்க வேண்டியது ஹீட்டர் பிளக்குகளை. இவ்விரண்டும் வீட்டு வாசலிலேயே பார்க்கத் தக்கவை, செலவும் குறைவு. எங்கள் ஜீப்பின் ஏர் ஃபில்டரைக் கழற்றித் தட்டியபோது கொட்டிய புழுதியைக் கண்டு நாங்கள் வெட்கப்பட்டோம். ஆனால் அது இன்ஜெக்டரைக் கெடுத்த பிறகு.

இனி, வீட்டில் சுத்தம் செய்யலாமா என்ற கேள்விக்கு வருவோம். வண்டியின் தலைமுறையைப் பொறுத்தது விடை என்பதே எங்கள் எண்ணம். பழைய இயந்திரவகை இன்ஜெக்டர்கள் ஏறக்குறைய 100 முதல் 250 பார் அழுத்தத்தில் திறப்பவை. கைப்பழக்கம் உள்ளவர் அவற்றைக் கழற்றி, நுனியை டீசலில் ஊறவைத்து, மென்மையான பித்தளைத் தூரிகையால் வெளிப்புறக் கரியை நீக்கி, புதிய செப்பு வாஷர் வைத்துத் திரும்பப் பூட்டலாம். ஊசியும் கூடும் சோடியாகவே தேய்த்துப் பொருத்தப்பட்டவை. ஒன்றன் ஊசியை மற்றொன்றில் மாற்றிப் போடக் கூடாது. அதன் பின்னும், தெளிப்பு சரியாக விழுகிறதா, சரியான அழுத்தத்தில் திறக்கிறதா என்று பார்க்க, கைப்பம்பும் மானியும் கொண்ட சோதனைக் கருவி வேண்டும். அது டீசல் பம்ப் கடையில் இருக்கிறது, நம் வீட்டில் இல்லை. சோதிக்காத சுத்தம் வெறும் நம்பிக்கை.

2000களில் வந்த காமன் ரெயில் வண்டிகளின் கதை முற்றிலும் வேறு. இவற்றில் அழுத்தம் 1,600 பாரைத் தாண்டும். புதியவற்றில் 2,000 வரையும் அதற்கு மேலும் போகும். நம் கார் டயரில் இருப்பது இரண்டு பாருக்குச் சற்று மேல் என்பதை ஒப்பிட்டுப் பார்க்கலாம். கசியும் குழாயின் அருகே விரல் வைத்தால் டீசல் தோலைத் துளைத்துத் தசைக்குள் புகுந்துவிடும். வெளியே ஒரு சிறு புள்ளி மட்டும் தெரியும். வலியும் முதலில் பெரிதாக இராது. சில மணி நேரத்தில் அறுவை சிகிச்சை கிடைக்காவிட்டால் விரலையே இழக்க நேரும். மேலும், இத்தகைய பல வண்டிகளில் ஒவ்வோர் இன்ஜெக்டருக்கும் தனிக் குறியீட்டு எண் உண்டு. அது வண்டியின் கணினிக்குத் தெரிவிக்கப்பட்டாக வேண்டும். இங்கே ஸ்பேனரோடு இறங்குவதைத் துணிச்சல் என்று நாங்கள் பாராட்ட மாட்டோம்.

அப்படியானால் மக்கள் ஏன் வீட்டில் செய்ய முனைகிறார்கள்? கஞ்சத்தனம் என்று சொல்லி நகர்ந்துவிடுவது அநியாயம். சுத்தம் செய்தால் போதும் என்ற நிலையிலும் நான்கு இன்ஜெக்டர்களையும் புதிதாக மாற்றச் சொல்லும் பட்டறைகளை நாம் அறிவோம். சிறுதோட்டம் வைத்திருக்கும் ஒருவருக்குப் பசுந்தேயிலை விற்ற ஒரு பருவத்து வருமானத்தை அது விழுங்கிவிடலாம். பழுது என்னவென்று வாகன உரிமையாளருக்குக் காட்டுவதில்லை. கழற்றிய பாகத்தைத் திருப்பித் தருவதில்லை. நல்ல சோதனைக் கருவியைத் தேடி மலையிறங்கிக் கோவை வரை போக வேண்டியிருக்கிறது. மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கான இணையவாசலைத் தொடங்கியபோது அதில் வாகனத் துறையையும் சேர்த்தது. கையேடுகளும் உதிரிபாக விவரங்களும் பொதுவில் கிடைக்க வேண்டும் என்பது அதன் நோக்கம். நோக்கம் நல்லது. அது ஊர்ப்பட்டறையின் மேசை வரை வந்து சேர வேண்டும். வீட்டில் இன்ஜெக்டர் கழுவுவது, சரியான முறையீட்டுக்கு நாம் கண்டுபிடித்த தவறான விடை என்றே தோன்றுகிறது.

சரியான விடைக்கு முன்மாதிரி நம் கண்ணெதிரே ஓடுகிறது. நீலகிரி மலை ரயிலின் 'எக்ஸ்' வகை நீராவி எஞ்சின்கள் சுவிட்சர்லாந்தின் விண்டர்தூரில் வடிவமைக்கப்பட்டவை. முதல் எஞ்சின்கள் முதல் உலகப்போர்க் காலத்தில் வந்தன. நிலக்கரியில் எரிந்தவற்றுள் பல பின்னாளில் எண்ணெயில் எரியுமாறு மாற்றப்பட்டன. எண்ணெயைத் தூறலாக்கித் தெளித்து எரிக்கும் அதே சிக்கல்தான் அங்கும். ஆயினும் நூறாண்டு கடந்த வடிவம் இன்றும் மலையேறுகிறது. காரணம், குன்னூரில் ஒரு லோகோ ஷெட் இருக்கிறது. திருச்சி பொன்மலைப் பணிமனை, அதே வகையில் புது எஞ்சினையே கட்டித் தரும் அளவுக்கு அந்த அறிவைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. பழுதுபார்க்கும் கை அருகில் இருக்கும்வரை இயந்திரம் சாவதில்லை. மலைமக்களின் வண்டிகளுக்கும் அப்படியொரு கை மலையிலேயே வேண்டும்; நாம் கேட்க வேண்டியது அதைத்தான்.

வீட்டுக்கென்று ஒன்றுமே இல்லையா? இருக்கிறது, அதுவே பெரிய பங்கு. இன்ஜெக்டரின் சுத்தம் டாங்கிலேயே தொடங்கிவிடுகிறது. இரண்டு பருவமழையும் மூடுபனியும் உள்ள ஊரில் பாதி காலியான டாங்கின் உட்சுவரில் ஈரம் வியர்க்கும். அந்த நீர்தான் ஊசியைத் துருப்பிடிக்க வைக்கிறது. டாங்கை நிரப்பி வைப்பது, ஃபில்டரின் அடித் திருகைத் திறந்து நீரை வடிப்பது, குறித்த காலத்தில் ஃபில்டரை மாற்றுவது ஆகியவை பெரும்பாலான வண்டிகளில் யாரும் கற்றுக்கொள்ளக் கூடியவை. வடித்ததை ஓடையில் ஊற்றாதிருப்பதும் வீட்டு வேலையே. குன்னூர் ஆறு பவானியில் கலக்கிறது. கீழே அதைக் குடிக்கிறார்கள்.

எரிபொருளின் தூய்மை நம் கையை மீறியும் இருக்கிறது. மண்ணெண்ணெய் கலந்த டீசலில் உயவுத்தன்மை குறைவு. பம்பையும் ஊசியையும் உராய்விலிருந்து காப்பதே டீசல்தான் என்பதால் கலப்படம் அவற்றை உள்ளிருந்து தின்கிறது. கலப்படம் செய்த பங்க்குக்கு எதிராக நடவடிக்கை எடுத்ததற்காக இந்தியன் ஆயில் அதிகாரி மஞ்சுநாத் சண்முகம் 2005 நவம்பரில் உத்தரப்பிரதேசத்தின் லக்கிம்பூர் கேரியில் கொல்லப்பட்டார். அவருக்கு வயது 27. 2020 ஏப்ரல் முதல் பத்து லட்சத்தில் பத்துப் பங்குக்கு மேல் கந்தகம் இல்லாத டீசல் நாடு முழுவதும் கிடைக்கிறது. அந்தத் தூய்மைக்கு ஆலையிலிருந்து நம் டாங்க் வரை காவல் வேண்டும். கழுவுவதைப் பற்றி இவ்வளவு பேசும் நாம், பங்க்கில் ரசீது கேட்டு வாங்குவதில்லை. ஐயம் வந்தால் அடர்த்தியைச் சோதித்துக் காட்டச் சொல்வதும் இல்லை.

எங்கள் ஜீப்பைக் கடைசியில் கோவையில் ஒரு பம்ப் கடைக்கு இறக்கினோம். கடைக்காரர் நாசிலைச் சோதனைக் கருவியில் பூட்டி நெம்புகோலை அழுத்தினார். மூன்றில் பனிபோலத் தூறல் விழுந்தது. நான்காவதில் ஒரு பக்கமாகச் சாய்ந்த தாரை. "இதில் யாரோ ஊசி விட்டிருக்கிறார்கள்" என்றார். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.