சேற்றுக்கு ஒரு டயர், சாலைக்கு ஒரு டயர்: எதை வாங்குவது?

பெரியாறு பிரதான கால்வாயில் பேரணை முதல் கள்ளந்திரி வரை இருபோகம். அதைத் தாண்டினால் மேலூர் பக்கம் ஒருபோகம். இந்த ஒருபோகப் பரப்பு மட்டும் 85,563 ஏக்கர். ஆண்டுக்கு ஒரு முறைதான் தண்ணீர் வரும். வந்தால் எல்லோருக்கும் ஒரே சமயத்தில் நாற்றங்கால், ஒரே சமயத்தில் சேற்றுழவு, ஒரே சமயத்தில் நடவு. கடைமடைக்காரருக்கு அந்தச் சில நாட்களில் டிராக்டர் வயலில் இறங்க முடியவில்லை என்றால் அந்த ஆண்டு நெல்லே தள்ளிப்போகும்.

அதனால்தான் தண்ணீர் திறப்பு அறிவிப்பு வரும் நேரத்தில் டயர் கடைகளில் ஒரே கேள்வி எழுகிறது: "பின் சக்கரத்துக்கு ஆழமான பட்டன் டயர் போடலாமா, சாதாரண டயரே போதுமா?" பார்த்தால் சின்னக் கேள்வி. ஆனால் தவணையில் வாங்கிய வண்டிக்கு ஒரு ஜோடி பின் டயர் மாற்றுவது சின்னச் செலவு அல்ல. தவறான டயரைப் போட்டால் அந்தப் பணம் இரண்டு மூன்று ஆண்டுகளில் தார்ச்சாலையில் தேய்ந்து போகும். அல்லது, அவசரத்துக்கு உதவாமல் வண்டி சேற்றில் நின்று சுழலும்.

டயரின் பக்கவாட்டைப் படியுங்கள்

டயரின் பக்கச் சுவரில் 13.6-28 என்பது போன்ற எண் இருக்கும். முதல் எண் டயரின் அகலம், இரண்டாவது எண் ரிம்மின் விட்டம். இரண்டும் அங்குலக் கணக்கு. நாம் கவனிக்க வேண்டியது அதன் அருகிலேயே இருக்கும் ஆர்-1, ஆர்-2 என்ற குறியீட்டை. உழவு முதல் டிரெய்லர் வரை எல்லா வேலைக்கும் பொதுவானது ஆர்-1. நம்மூரில் புது டிராக்டரோடு பெரும்பாலும் வருவது இதுதான். ஆர்-2 நெல் வயல், கரும்பு வயல் போன்ற ஈரச் சேற்றுக்கென்றே செய்தது. இதன் பட்டன் ஆழம் ஆர்-1 டயரைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. இரண்டுக்கும் நடுவே ஆர்-1 டபிள்யூ என்று ஒன்று உண்டு. அதில் பட்டன் ஆழம் ஆர்-1-ஐ விட நான்கில் ஒரு பங்கு வரை கூடுதலாக இருக்கும்.

ஜீப்பும் பிக்கப்பும் வைத்திருப்பவர்கள் ஏ.டி., எம்.டி. என்று இரண்டு வகை டயரைக் கேள்விப்பட்டிருப்பார்கள். முன்னது எல்லாத் தரைக்கும், பின்னது சேற்றுக்கு. கணக்கு அங்கும் இதுவேதான். தோட்டத்துக்கும் சந்தைக்கும் போய் வரும் பிக்கப்புக்கு ஏ.டி. போதும். எம்.டி. டயர் சாலையில் இரைச்சல் போடும், டீசல் குடிக்கும், சீக்கிரம் தேயும், மழை நனைத்த தாரில் பிடிமானமும் குறைவு.

ஆழ பட்டன் எங்கே உதவும், எங்கே உதவாது

சேற்றில் மேல் மண் குழம்பி இருக்கும். அதற்குக் கீழே ஒரு கெட்டியான அடுக்கு இருக்கும். ஆழமான பட்டன் குழம்பைத் தாண்டி இறங்கி அந்த அடுக்கைப் பிடித்துத் தள்ளுகிறது. பட்டன்களுக்கு நடுவே இடைவெளி அதிகம் என்பதால், ஒட்டிய சேறும் சக்கரம் சுற்றும்போதே உதிர்ந்துவிடும். ஆர்-2 டயரின் பலம் இவ்வளவுதான்.

இதே பலம்தான் சாலையில் பலவீனம். தாரில் அந்த உயரமான பட்டன்கள் மட்டுமே தரையைத் தொடுகின்றன. டிரெய்லரில் செங்கலோ வைக்கோலோ கரும்போ ஏற்றிப் போகும்போது முழுச் சுமையும் அவற்றின் மேல். அவை வளைந்து, சூடேறி, ஓரம் சாப்பிட்டுத் தேய்கின்றன. மேலூர் வட்டாரத்தில் கல் குவாரிப் பக்கம் போய்வரும் வண்டி என்றால் கல் சில்லு வெட்டும் சேர்ந்துகொள்ளும்.

ஆகவே டயர் வாங்கும் முன் ஒரு கணக்கு போடுங்கள். உங்கள் டிராக்டர் ஆண்டுக்கு 600 மணி நேரம் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் சேற்றுழவு 100 மணி நேரம், புழுதி உழவும் ரோட்டவேட்டரும் 200, மீதி 300 டிரெய்லர் என்றால், ஆறில் ஒரு பங்கு வேலைக்காக ஆறு பங்கு தேய்மானத்தை விலைக்கு வாங்குவது சரியா? சேற்றுழவை வாடகைக்கு அடித்துக் கொடுப்பதே தொழில், டிரெய்லரே மாட்டுவதில்லை என்பவருக்கு விடை வேறு. பாதி நேரத்துக்கு மேல் சேற்றில் நிற்கும் வண்டிக்கு ஆர்-2 வாங்கலாம்.

மண் என்ன சொல்கிறது?

மேலூர் பக்கம் பெரும்பாலும் செம்மண், மணல் கலந்த செம்மண். ஈரத்திலும் இது டயரில் அதிகம் ஒட்டாது. ஆர்-1 டயரே தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும். திருமங்கலம், கள்ளிக்குடி பக்கத்துக் கரிசல் அப்படியல்ல. நனைந்தால் பட்டன் இடுக்கையெல்லாம் அடைத்து டயரையே வழவழப்பான உருளையாக்கிவிடும். அங்கே ஓர் ஈரத்தில் வண்டியை இறக்காமல் காத்திருப்பதுதான் எந்த டயரையும் விடச் சிறந்த வழி.

நெல் வயலில் இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். ஆண்டாண்டாகச் சேற்றுழவு செய்த வயலில் உழவு ஆழத்துக்குக் கீழே கெட்டித் தளம் உருவாகியிருக்கும். நெல்லுக்கு அது எதிரி அல்ல. தண்ணீர் கீழே இறங்கிப் போகாமல் தாங்கி நிற்பது அதனால்தான். மணல் கலந்த செம்மண்ணில், முறைவைத்துத் தண்ணீர் வரும் கடைமடையில், அந்தத் தளம் ஒரு சொத்து. தண்ணீர் அதிகம் கட்டிய வயலில் கனமான வண்டியை ஆழ பட்டனோடு இறக்கி ஒரே இடத்தில் சுழலவிட்டால் தளம் உடைந்து பள்ளம் விழும். பிறகு அந்த இடத்தில் மட்டும் தண்ணீர் நிற்காது; பயிரும் திட்டுத் திட்டாக நிற்கும். நெல்லுக்குப் பின் உளுந்து போடுபவர்களுக்குச் சக்கரத் தடம் அறுவடை வரை தொந்தரவு.

உழவுக்கு ஓரிரு நாள் முன்பு தண்ணீர் கட்டி மண்ணை ஊறவிடுங்கள். சேறடிக்கும்போது வயலில் 2.5 செ.மீ. உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் போதும். மண் ஊறியிருந்தால் ரோட்டவேட்டர் இரண்டு சாலில் வேலையை முடிக்கும். வண்டியும் சிக்காது, தண்ணீரும் மிஞ்சும்.

கேஜ் வீல்: சேற்றுக்கு உண்டு, சாலைக்கு இல்லை

ஆர்-1 டயரோடு சேற்றுழவையும் சமாளிக்க நம்மிடம் ஏற்கெனவே உள்ள வழி கேஜ் வீல். டயரைக் கழற்றிவிட்டு மாட்டும் முழு கேஜ் வீலும் உண்டு. டயரோடு சேர்த்து வெளிப்பக்கம் மாட்டும் அரை கேஜ் வீலும் உண்டு. அரை கேஜ் வீல் தாங்கும் பரப்பை அகலமாக்கி, வண்டி அமிழ்வதைக் குறைக்கிறது. வேலை முடிந்ததும் கழற்றி வைத்துவிடலாம். ஆண்டுக்குச் சில வாரம் மட்டும் சேறடிப்பவருக்கு ஆர்-2 ஜோடியை விட இது சிக்கனம். ஆனால் அச்சுக்கும் பேரிங்குக்கும் கூடுதல் பாரம் விழும் என்பதால் உங்கள் வண்டிக்கு ஏற்ற அளவு என்று விற்பவர் உறுதி சொன்னதையே மாட்டுங்கள்.

கேஜ் வீலோடு தார்ச்சாலையில் ஓட்டும் பழக்கத்தை நாம் விட்டாக வேண்டும். ஒரு நாள் ஓட்டத்தில் ஊர்ச் சாலை கீறல் கீறலாகக் கிழிகிறது. நெல் மூட்டையை ஏற்றிக்கொண்டு அதே சாலையில்தான் நாம் கொள்முதல் நிலையத்துக்குப் போக வேண்டும். காற்றடைத்த டயரோடுதான் வாகனம் சாலைக்கு வர வேண்டும் என்று மோட்டார் வாகன விதிகளும் சொல்கின்றன. இது நமக்கு மட்டும் வந்த சிக்கல் அல்ல. அமெரிக்காவிலும் டிராக்டர் முதலில் இரும்புச் சக்கரத்தில்தான் ஓடியது; அதன் இரும்புப் பற்கள் சாலையைக் கிழித்ததால் பல இடங்களில் தடை வந்தது. 1932-ல் அல்லிஸ் சால்மர்ஸ் நிறுவனம் ஃபயர்ஸ்டோன் டயரோடு டிராக்டரை ஓட்டிக் காட்டிய பிறகுதான் ரப்பர் சக்கரம் பரவியது. வயலையும் சாலையையும் ஒரே சக்கரத்தில் சமாளிக்கப் பிறந்ததே இந்த டயர். கேஜ் வீலை டிரெய்லரில் ஏற்றி வயல் வரை கொண்டுபோய் வரப்போரம் மாட்டுங்கள். அரை மணி நேரம் கூடுதலாகும், ஆகட்டும்.

சறுக்கலை நீங்களே அளக்கலாம்

டயர் மாற்ற வேண்டுமா என்பதைக் கடைக்காரரைக் கேட்டு முடிவு செய்யாதீர்கள்; அளந்து பாருங்கள். பின் சக்கரத்தில் சுண்ணாம்பால் ஒரு கோடு போடுங்கள். கலப்பையைத் தூக்கிய நிலையில் சக்கரம் 10 சுற்று சுற்றும் தூரத்தை அதே வயலில் அளந்துகொள்ளுங்கள். பிறகு கலப்பையை இறக்கி உழுதபடி 10 சுற்று. முதலில் 40 மீட்டர், உழும்போது 34 மீட்டர் என்றால் 6 மீட்டர் சறுக்கல். அதாவது 15 சதவீதம். புழுதி உழவில் 10 முதல் 15 சதவீதம் வரை இருப்பது இயல்பு.

அதே வண்டி 28 மீட்டர்தான் போகிறது என்றால் சறுக்கல் 30 சதவீதம். ஒரு மணி நேரத்தில் முடிய வேண்டிய வேலைக்கு 1 மணி 13 நிமிடம் ஆகும். சொந்த வண்டி என்றால் அது உங்கள் டீசல். வாடகை வண்டி என்றால், மணிக் கணக்கில் பணம் கொடுக்கும் வயல்காரர் தேய்ந்த டயருக்கும் சேர்த்துக் கொடுக்கிறார். எனவே வாடகைக்கு அழைப்பவர்கள் மணிக்கு எவ்வளவு என்று கேட்பதோடு நிறுத்தாமல் டயரையும் ஒரு பார்வை பாருங்கள். ரீபட்டன் டயர் போட்ட வண்டி என்றால் பக்கச் சுவரில் வெடிப்பு இருக்கிறதா என்பதையும் கவனியுங்கள்.

சறுக்கல் அதிகம் என்றதும் புது டயர் வாங்க ஓட வேண்டாம். முதலில் காற்றைப் பாருங்கள். டயருக்குள் எவ்வளவு அழுத்தமோ ஏறக்குறைய அவ்வளவு அழுத்தத்தைத்தான் அது மண்ணின் மேல் வைக்கிறது. டிரெய்லருக்காக ஏற்றிய காற்றோடு வயலில் இறங்கினால் டயர் குறுகி நின்று மண்ணை அமுக்கும், சறுக்கும். வயலுக்கு எத்தனை பாயிண்ட், சாலைச் சுமைக்கு எத்தனை என்று வண்டியோடு வந்த கையேட்டில் தனித்தனியாக இருக்கும். அதைச் சக்கர மறைப்பின் உட்புறம் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்தது எடை. டயரில் முக்கால் அளவு தண்ணீர் நிரப்பினால் ஒவ்வொரு சக்கரத்துக்கும் 100 கிலோவுக்கு மேல் எடை கூடும். கோடை உழவுக்கு அது நல்லது. சேற்றுழவுக்கு முன் அதை வடித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் அந்த எடையே வண்டியை அமிழ்த்தும்.

நான்கு சக்கர இயக்கம் உள்ள வண்டி வைத்திருப்போர் பின் டயரை மட்டும் ஆர்-2 ஆக மாற்றக்கூடாது. பட்டன் உயரம் கூடினால் சக்கரத்தின் சுற்றளவும் கூடும். முன்னும் பின்னும் ஒத்துப்போகாமல் கியரில் இழுபறி ஏற்படும். மாற்றினால் நான்கையும் கணக்குப் பார்த்து மாற்றுங்கள். டயரை மாட்டும்போது பக்கச் சுவரில் உள்ள அம்புக்குறி முன்னோக்கிச் சுழலும் திசையில் இருக்க வேண்டும். தலைகீழாக மாட்டினால் எந்த டயரும் சேற்றைத் தள்ளாது.

சிக்கினால் கட்டையைக் கட்டாதீர்கள்

எந்த டயராக இருந்தாலும் ஒரு நாள் சிக்கத்தான் செய்யும். அப்போது பின் சக்கரத்தோடு மரக்கட்டையைக் கட்டி முன்னோக்கி ஓட்டும் வழக்கம் பல ஊர்களில் இருக்கிறது. கட்டை சக்கரத்தைப் பூட்டிவிட, சுழல வேண்டிய விசை முழுவதும் வண்டியின் மூக்கைத் தூக்குகிறது. ஓட்டுநர் கிளட்சை மிதிப்பதற்குள் டிராக்டர் பின்பக்கமாக அவர்மேல் கவிழ்ந்துவிடும். கருவியைத் தூக்கிவிட்டுப் பின்னோக்கி எடுத்துப் பாருங்கள். வரவில்லை என்றால் இன்னொரு வண்டியை வரச் சொல்லிக் காத்திருங்கள். ஒரு நாள் நடவு தள்ளிப்போவதால் குடும்பம் நடுத்தெருவுக்கு வராது.

என்ன செய்யலாம்?

சுருக்கமாகச் சொன்னால், மேலூர் சமவெளியில் உழவு, சேறு, டிரெய்லர் மூன்றுக்கும் ஒரே வண்டி வைத்திருக்கும் பெரும்பாலானோருக்கு நல்ல பட்டனோடு ஆர்-1 டயர், சேற்றுக்காலத்தில் மட்டும் அரை கேஜ் வீல் என்பதே சரியான ஜோடி. சேற்றுழவே தொழில் என்பவருக்கு ஆர்-2.

கள அலுவலர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு விவசாயியும் தனித்தனியாகக் கேஜ் வீல் வாங்க வேண்டியதில்லை. உழவர் உற்பத்தியாளர் குழுக்கள் வண்டி அளவுக்கு ஏற்ப இரண்டு மூன்று ஜோடிகளை வாங்கி ஊரிலேயே வைத்தால், தண்ணீர் வரும் இரண்டு வாரங்களில் சுற்று முறையில் எல்லோருக்கும் கிடைக்கும். வேளாண் பொறியியல் துறை வாடகைக்கு விடும் கருவிகளோடு கேஜ் வீலுக்கும் இடம் கொடுக்கலாம். தண்ணீர் திறப்புக்கு முன்பு நடக்கும் கூட்டங்களில் விதை, உரம் பற்றிப் பேசுவதோடு, வண்டியை வரிசையில் நிறுத்திக் காற்றும் சறுக்கலும் அளந்து காட்டினால் அரை நாள்தான் ஆகும். கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேரும் நாளில் வண்டி தயாராக இருக்க வேண்டும். அந்தத் தயாரிப்பை இந்த வாரமே ஒரு துண்டு சுண்ணாம்போடு தொடங்கிவிடலாம்.