மாசாய் மந்தைக்கு வேலி ஆகாது

கென்யாவின் தென் பகுதியிலும் தான்சானியாவின் வட பகுதியிலும் வாழும் மாசாய் மக்களுக்கு மாடுதான் சொத்து. திமில் உள்ள நாட்டு மாடுகள். ஆடுகளும் உண்டு. மிக நெடுங்காலம் பாலே அவர்களின் முதன்மை உணவாக இருந்தது. வீண் பெருமைக்காக மாடு சேர்க்கிறார்கள் என்று வெள்ளைக்கார அதிகாரிகள் குறை கூறி வந்தனர். அது சரியான கணிப்பு அன்று.

அங்கே மழை ஒரு பக்கம் பெய்தால் சில மைல் தள்ளிப் பெய்யாது. கடும் வறட்சியில் மந்தையின் பெரும் பகுதி மடிவதுண்டு. 1890-களில் வெக்கை நோய் கண்டு மாடுகள் மாண்டபோது மக்களும் பஞ்சத்தில் மாண்டனர். பத்து மாடு வைத்திருப்பவர் அத்தகைய இழப்புக்குப் பின் எழுந்திருக்க முடியாது. எழுபது வைத்திருப்பவர் மிஞ்சிய பசுக்களைக் கொண்டு மீண்டும் மந்தை கட்டலாம். எல்லா மாடுகளையும் ஒரே பட்டியில் அடைப்பதும் இல்லை. சிலவற்றைத் தொலைவில் உள்ள நண்பர், உறவினர் பட்டிகளில் விட்டு வைப்பர். பட்டியை ஒட்டிய நல்ல புல்லைக் கன்றுகளுக்கும் நோய்ப்பட்ட மாடுகளுக்கும் ஒதுக்கி வைப்பர்.

அவர்களுடைய அனுபவ அறிவுக்கு ஒரு சான்று போதும். அப்புல்வெளிகளில் 'நூ' என்ற பெரிய மானினம் ஆயிரக்கணக்கில் கன்று ஈனும். அக்காலத்தில் அங்கே புல் சத்து மிகுந்திருக்கும். ஆயினும் மாசாய் மக்கள் மாடுகளை அப்பக்கம் விடுவதில்லை. மீறி மேய்ந்த மாடு கண்ணும் மூக்கும் ஒழுகிச் சாகும். நூ மானின் நஞ்சுக்கொடியே காரணம் என்று எண்ணினர். 1960-இல் அந்நோயின் வைரஸ் பிரித்தெடுக்கப்பட்டது. இளங்கன்றுகளின் மூக்கு நீரிலும் கண்ணீரிலும் அது வெளியாவது பின்னர் தெரிந்தது. சொன்ன காரணம் தவறு. மாட்டை விலக்கியது முற்றிலும் சரி.

ஆனால் விலக்கி ஓட்டுவதற்கு வேறு இடம் வேண்டுமே! 1904, 1911 ஆண்டுகளின் உடன்படிக்கைகளைக் காட்டி, சிறந்த மேய்ச்சல் நிலங்களை ஆங்கிலேயர் வெள்ளைக் குடியேறிகளுக்கு எடுத்துக் கொடுத்தனர். 1968-இல் கென்ய அரசு இயற்றிய சட்டப்படி மிஞ்சிய நிலம் கூட்டு மேய்ச்சல் பண்ணைகள் ஆயிற்று. பின்னர் அவற்றில் பல ஆளுக்கொரு துண்டாகப் பிரிக்கப்பட்டன. பட்டா கிடைத்தது, வேலியும் வந்தது. சிலர் விற்றுவிட்டனர்.

இதை முன்னேற்றம் என்று எப்படிச் சொல்வது? பயிர் செய்பவருக்குத் தனிப்பட்டா தெம்பு தரும். மழை பொய்த்த துண்டில் நிற்கும் மாட்டுக்குப் பட்டாவையா தீவனமாகப் போட முடியும்? கஜியாடோ வட்டாரத்தில் நிலம் பிரித்த பின்னும் சில குடும்பங்கள் தமக்குள் பேசி, ஒருவர் துண்டில் மற்றவர் மாடு மேய விட்டுக் கொள்கின்றன. அளந்து பிரிக்கச் சென்றவர்கள் அவர்களிடம் முதலிலேயே கேட்டிருக்கலாம்.